68 டன்: ஆவடி டாங்கிகளின் எடைக்கணக்கு

2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் நடந்த விழாவில் பிரதமர் மோடி அர்ஜுன் எம்கே-1ஏ டாங்கியை ராணுவத் தலைமைத் தளபதி நரவணேயிடம் ஒப்படைத்தார். பழைய அர்ஜுனைவிட இதில் எழுபதுக்கும் மேற்பட்ட மேம்பாடுகள் என்று பத்திரிகைகள் எழுதின. இரவிலும் சுற்றிலும் பார்க்க கமாண்டருக்குத் தனிக் கருவி, இலக்கு நகர்ந்தாலும் தானாகப் பின்தொடரும் வசதி, தலையை வெளியே நீட்டாமல் உள்ளிருந்தே சுடக்கூடிய இயந்திரத் துப்பாக்கி, உடம்பெங்கும் வெடிகவசத் தட்டுகள் (அடி விழுந்ததும் வெளிப்புறமாக வெடித்து அதன் வேகத்தைக் குறைப்பவை), கண்ணிவெடியைத் தோண்டித் தள்ளும் கலப்பை. பட்டியல் நீளமானது. நான் தேடியது அந்தப் பட்டியலில் பெரும்பாலும் வராத ஒரு எண்ணை. எடை. பழைய அர்ஜுன் 58.5 டன். புதியது 68 டன். எஞ்சின் மட்டும் அதேதான், 1400 குதிரைத்திறன்.

வகுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். பழைய வண்டிக்கு டன்னுக்குக் கிட்டத்தட்ட 24 குதிரைத்திறன் இருந்தது. புதியதற்கு 20-க்குச் சற்று மேலே. பார்வை கூர்மையானது, தோல் தடித்தது, ஆனால் கால் கொஞ்சம் சோர்ந்துவிட்டது. கவச வாகனங்களை நவீனமாக்குவது பற்றி எதைப் படித்தாலும் எனக்கு இந்த வகுத்தல்தான் முதலில் வரும். லேசர், ரேடார், செயற்கை நுண்ணறிவு என்று எதைச் சேர்த்தாலும் அதற்கு எடை உண்டு, அது மின்சாரம் கேட்கும், சூட்டைக் கக்கும். மூன்றையும் சுமக்க வேண்டியது அடியில் உள்ள எஞ்சின். ஒரு மாடிக்கு அஸ்திவாரம் போட்ட வீட்டில் மூன்றாவது மாடி எழுப்பினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும்.

இந்த எடைப் பைத்தியம் எனக்கு ஊரால் வந்தது. வளர்ந்தது பட்டாபிராமில். 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்றே ஒரு ரயில் நிலையம் உள்ள ஊர். அரசியல் பேசுகிறவர்களுக்கு ஆவடி என்றால் 1955 காங்கிரஸ் மாநாடு. எங்களுக்கு டேங்க் ஃபேக்டரி. கனரக வாகனத் தொழிற்சாலை என்று முழுப்பெயர் சொல்லி யாரும் கேட்டதில்லை. மாமா ஒருவர் அங்கே எஞ்சின் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தார். வேலை ரகசியம் எதையும் வீட்டில் வாய்விட்டுப் பேசமாட்டார். பீரங்கி எவ்வளவு தூரம் சுடும் என்று நாங்கள் கேட்டால், "சுடுறதெல்லாம் அப்புறம் மாப்ள, முதல்ல வண்டி அங்க போய்ச் சேரணும்" என்பார். சிறு வயதில் அது சப்பென்ற பதிலாகத் தெரிந்தது.

ஆவடித் தொழிற்சாலை 1961-இல் தொடங்கியது. முதலில் செய்தது விஜயந்தா. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு, 39 டன் அளவுக்கு எடை, 105 மில்லிமீட்டர் பீரங்கி. 1965-இல் இங்கிருந்து வண்டிகள் வெளிவரத் தொடங்கின. அதில் இருந்த லேலண்ட் எல்-60 எஞ்சின்தான் பிரிட்டனின் சொந்த டாங்கியான சீஃப்டனிலும் இருந்தது. சீஃப்டனின் பீரங்கியையும் கவசத்தையும் பாராட்டியவர்கள் எல்லாரும் எஞ்சினைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் முகம் சுளித்தார்கள். எந்த எரிபொருளிலும் ஓட வேண்டும் என்ற நிபந்தனைக்காகச் செய்த எஞ்சின் அது. எதிலும் ஒழுங்காக ஓடாத எஞ்சினாகப் பேர் வாங்கியது.

1974-இல் சொந்த டாங்கி செய்வதென்று முடிவாகி 15.5 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதுதான் பின்னால் அர்ஜுன் ஆனது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ-வின் ஆவடி ஆய்வகம் சிவிஆர்டிஇ வடிவமைப்பை எடுத்துக்கொண்டது. ஹைதராபாத்தில் உள்ள உலோக ஆய்வகம் கவசத்தைச் செய்தது. அது இருக்கும் காஞ்சன்பாக் பகுதியின் பெயரால் காஞ்சன் கவசம். உள்ளபடியே நல்ல கவசம், அதில் இரண்டு கருத்து இல்லை. பீரங்கியும் நம்முடையது: 120 மில்லிமீட்டர், உள்ளே திருகு வரி கொண்டது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் எண்ணெயும் வாயுவும் சேர்ந்து இயங்கும் சஸ்பென்ஷன் போட்டார்கள். மேடுபள்ளத்தில் போகும்போது ரஷ்ய டி-72 டாங்கியில் உட்கார்ந்தவருக்கு முதுகு கழன்றுவிடும், அர்ஜுனில் உட்கார்ந்தால் சொகுசு என்று ஓட்டியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எஞ்சினும் நாமே செய்வது என்றுதான் ஆரம்பத் திட்டம். இலக்கு 1500 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் உலகத்திலேயே அந்த அளவு டாங்கி எஞ்சின் செய்யத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சிவிஆர்டிஇ காற்றுக்குளிர்வு டீசல் ஒன்றை உருவாக்க முயன்றது. எதிர்பார்த்த காலத்துக்குள் அது கைகூடவில்லை. மாதிரி வண்டிகளுக்கு ஜெர்மனியின் எம்டியு நிறுவனத்தின் 838 வரிசை எஞ்சினை வாங்கிப் பொருத்தினார்கள், அதோடு ரெங்க் நிறுவனத்தின் கியர்பாக்ஸ். சொந்த எஞ்சின் தயாராகும்வரை என்று ஆரம்பித்த ஏற்பாடு நிரந்தரமாகிவிட்டது.

அந்த 838 எஞ்சினின் பூர்வீகம் சுவாரசியமானது. 1960-களில் வந்த ஜெர்மன் டாங்கி லெப்பர்ட்-1-இல் இருந்தது இதே குடும்பத்துப் பத்து சிலிண்டர் எஞ்சின், 830 குதிரைத்திறன். அந்த டாங்கி 40 டன் சொச்சம். அதே குடும்பத்தை 1400 வரை இழுத்துத் தட்டி எடுத்து 58.5 டன் வண்டியில் வைத்தோம். அது ஜெர்மன் பொறியாளர்களின் திறமைக்குச் சான்று. நம் நிலைமைக்கும் சான்று.

அர்ஜுனின் தாமதத்தைப் பற்றிக் கேலி செய்து எழுதாதவர்கள் குறைவு. 2000-இல் 124 வண்டிகளுக்கு ஆர்டர், 43-ஆவது கவசப்படைப் பிரிவு முழுமையாக அதைப் பெற 2009 ஆனது. இடையில் நீண்ட தூரம் ஓட்டிப் பார்த்த சோதனைகளில் சிக்கல் பெரும்பாலும் பீரங்கியில் வரவில்லை. கியர்பாக்ஸில் வந்தது. ராஜஸ்தான் வெயிலில் மின்னணுப் பாகங்களில் வந்தது. 2010 மார்ச்சில் ராஜஸ்தானில் அர்ஜுனையும் ரஷ்ய டி-90-ஐயும் அணிக்கு அணியாக எதிரெதிரே நிறுத்திச் சோதித்தார்கள். முழு அறிக்கை வெளியே வரவில்லை, ஆனால் அதற்குப் பிறகு மேலும் 124 அர்ஜுனுக்கு ஒப்புதல் வந்தது. அதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

வெயிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது ஐரோப்பியப் பத்திரிகைகளில் அதிகம் வராத விஷயம். மே மாதத்தில் பொக்ரான் பக்கம் நிறுத்திய இரும்புப் பெட்டிக்குள் 50 டிகிரிக்கு மேல் போகும். அங்கே வெப்பப்படக் கருவி வேலை செய்ய வேண்டும். அந்தக் கருவியின் வேலையே சுற்றுப்புறத்தைவிடச் சூடான பொருளைப் பிரித்துக் காட்டுவது. அதன் உணர்வியை மட்டும் உறைபனிக்கு வெகு கீழே குளிர வைக்க வேண்டும். டி-90 இந்தியாவுக்கு வந்த புதிதில் இந்தக் கருவிகள் பாலைவனச் சூட்டில் பழுதான கதை ஊடகங்களில் நிறைய வந்தது. ஏசி போடலாமே என்றால், ஏசிக்கு மின்சாரம்? மெயின் எஞ்சினை ஓடவிட்டால் எதிரியின் வெப்பக் கருவிக்கு நாமே விளக்கேற்றிக் காட்டியதுபோல ஆகிவிடும், டீசலும் காலி. இரவு முழுவதும் சத்தமில்லாமல் ஒளிந்து காத்திருக்க வேண்டிய வண்டிக்கு அதனால்தான் தனியாக ஒரு குட்டி ஜெனரேட்டர் தேவைப்படுகிறது. எம்கே-1ஏ-வில் அதன் திறனைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கினார்கள். எழுபது சொச்சம் மேம்பாடுகளில் என் ஓட்டு இதற்குத்தான். விழாவில் யாரும் இதைப் போட்டோ எடுத்திருக்க மாட்டார்கள்.

அர்ஜுனைப் பற்றியே பேசினால் உண்மையான படம் கிடைக்காது. நம் ராணுவத்தின் முதுகெலும்பு ரஷ்ய வழி வண்டிகள்தான். டி-72 மட்டும் சுமார் 2,400. இங்கே அதற்கு அஜேயா என்று பெயர். 1980-களில் ஆவடியில் தயாரிக்கத் தொடங்கினோம், எஞ்சினுக்கென்று 1987-இல் தனித் தொழிற்சாலையும் வந்தது. எடை 41 டன் சொச்சம், எஞ்சின் 780 குதிரைத்திறன். ஆண்டுகள் போகப் போக வெடிகவசம், இரவுப் பார்வை, புதிய ரேடியோ என்று அதன் மேல் ஏற்றிக்கொண்டே வந்தார்கள். 2025 மார்ச்சில்தான் பாதுகாப்பு அமைச்சகம் ரஷ்யாவின் ஆயுத ஏற்றுமதி நிறுவனமான ரோசோபோரோன்எக்ஸ்போர்ட்டோடு 24.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது: டி-72-க்கு 1000 குதிரைத்திறன் எஞ்சின்கள், தயாரிப்புத் தொழில்நுட்பமும் ஆவடிக்கு வரும். செய்தி ஒருநாள்கூட முழுதாக நிற்கவில்லை. என்னைக் கேட்டால் அந்தப் பழைய வண்டிக்கு இதுவரை செய்ததிலேயே பயனுள்ள காரியம் இதுதான். டன்னுக்கு 19 ஆக இருந்தது ஒரே தாவலில் 24-க்குப் போகிறது.

டி-90-க்கும் ஒரு பெரிய வேலை நடக்கிறது. 2022-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துக்கு 1,075 கோடி ரூபாயில் ஒப்பந்தம், 957 டாங்கிகளின் கமாண்டர் பார்வைக் கருவியை மாற்ற. இரவில் சுடுநருக்குத் தெரிகிற தூரம் கமாண்டருக்குத் தெரியாது என்ற பழைய குறை இதனால் தீரும். அதிக எடை ஏறாத நல்ல மேம்பாடு.

ஆனால் இந்த ரஷ்ய வண்டிகளின் பிறவிக் குறை ஒன்றை எந்தக் கருவியாலும் தீர்க்க முடியாது. எடையைக் குறைக்க அவர்கள் கண்ட வழி, குண்டு நிரப்பும் ஆளை எடுத்துவிட்டு இயந்திரம் வைப்பது. நான்கு பேருக்குப் பதில் மூன்று பேர், சின்ன டரட் (பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேல்பகுதி), குறைந்த கவசப் பரப்பு. கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் 22 குண்டுகளும் அவற்றின் வெடிமருந்தும் வட்டத்தட்டில் வீரர்களின் காலடியிலேயே இருக்கும். கவசம் துளைபட்டு அதில் தீப்பிடித்தால் டரட் தனியே பறக்கும். 2022-இலிருந்து உக்ரைனில் அந்தக் காட்சியை உலகமே பார்த்துவிட்டது. அர்ஜுனில் ஆள் நிரப்புகிறார், அதனால் வண்டி பெரிது, அதனால் கனம். கனத்துக்குக் கிடைத்த பலன், குண்டுகளை ஆட்களிடமிருந்து தள்ளி, தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து வைக்க முடிகிறது. அர்ஜுன் ரொம்பப் பருமன் என்று திட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துத் திட்டினால் நியாயமாக இருக்கும்.

உக்ரைன் போர் இன்னொன்றையும் மாற்றியது. 80 ஆண்டுகளாக டாங்கியின் கனத்த கவசம் முன்பக்கத்தில் இருந்தது, ஏனென்றால் அடி அங்கிருந்துதான் வரும். ஜாவலின் ஏவுகணை மேலெழும்பித் தலையில் விழுகிறது. சில நூறு டாலர் ட்ரோன் மேலிருந்து, பின்னாலிருந்து, திறந்த மூடி வழியாக என்று எங்கிருந்தும் வருகிறது. எல்லாப் பக்கமும் முன்பக்கத்தைப் போலக் கவசம் போட்டால் 100 டன் தாண்டும். அதனால்தான் வருகிற ஏவுகணையை வழியிலேயே அடித்து வீழ்த்தும் அமைப்புகள் மீது எல்லாருடைய பார்வையும் போயிருக்கிறது. சோவியத் ஒன்றியம் ட்ரோஸ்ட் என்ற பெயரில் இதை 1980-களிலேயே முயன்றது. இஸ்ரேலின் ட்ரோஃபி 2011 மார்ச்சில் காசா எல்லையில் முதன்முதலாக உண்மையான தாக்குதல் ஒன்றைத் தடுத்தது. வண்டியின் நான்கு பக்கமும் ரேடார், இரண்டு பக்கமும் தடுப்புக் குண்டு வீசும் கருவி, கண் இமைப்பதற்குள் கணக்குப் போடும் கணினி. டிராக்டர் கொட்டகைபோல இரும்புக் கூண்டு கட்டிக்கொண்டு போகும் ரஷ்ய டாங்கிகளைப் பார்த்துச் சிரித்தவர்கள் பிறகு தங்கள் வண்டிகளுக்கும் கட்டினார்கள். நம் வண்டிகளிலும் பார்த்தாயிற்று.

எடை எல்லாருக்கும் தலைவலிதான் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. ஆப்ரம்ஸ் 1980-இல் வந்தபோது 54 டன் சொச்சம். நாற்பது ஆண்டு மேம்பாடுகளுக்குப் பிறகு 66 டன்னுக்கும் மேல். எஞ்சின் அன்று போலவே 1500 குதிரைத்திறன் வாயுச்சுழலி (கேஸ் டர்பைன்). 2023 செப்டம்பரில் அவர்கள் அடுத்த மேம்பாட்டுத் திட்டத்தையே நிறுத்திவிட்டு, எம்1இ3 என்று புதிதாக, இன்னும் இலகுவாகச் செய்யப் போவதாக அறிவித்தார்கள். எடை கூட்டாமல் இனி இந்த வண்டிக்கு எதையும் சேர்க்க முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். உலகின் ஆகப் பணக்கார ராணுவத்தின் நிலைமையே அது.

நமக்கு அந்தப் பாடம் லடாக்கில் கிடைத்தது. 2020-இல் சீனாவோடு உரசல் வந்தபோது டி-72, டி-90 வண்டிகளை மேலே ஏற்றி நிறுத்தினோம். எதிரே சீனாவிடம் மலைக்கென்றே செய்த டைப்-15 இலகு டாங்கி. 4,000 மீட்டருக்கு மேலே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். காகிதத்தில் உள்ள குதிரைத்திறன் அங்கே எஞ்சினில் இருக்காது. அதிலிருந்து பிறந்தது ஸோராவர்: சிவிஆர்டிஇ வடிவமைப்பு, குஜராத் ஹஸிராவில் எல் அண்ட் டி தயாரிப்பு, 25 டன், 760 குதிரைத்திறன். டன்னுக்கு 30. 2024 ஜூலையில் மாதிரி வண்டியைக் காட்டினார்கள், செப்டம்பரில் பாலைவனத்தில் ஓடியது, டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேலே நின்று சுட்டது. நம்முடைய வேகத்துக்கு இது நம்ப முடியாத வேகம். பீரங்கி டரட் பெல்ஜியத்தின் காக்கரில் நிறுவனத்துடையது. எஞ்சின்? முதலில் ஜெர்மன் எஞ்சினுக்குத் திட்டமிட்டு, அது வரத் தாமதமானதால் அமெரிக்க கம்மின்ஸ்.

மலைக்கு இலகு டாங்கி என்பது நமக்குப் புதிதில்லை. 1948 நவம்பர் 1 அன்று காஷ்மீரின் ஸோஜிலா கணவாயில், சுமார் 11,500 அடி உயரத்தில், 7-ஆவது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் திடீரென்று முளைத்தன. டரட்டைக் கழற்றி, மூடி மறைத்து, ரகசியமாகக் கொண்டுபோனார்கள். கழுதைப் பாதையை டாங்கிப் பாதையாக்கியது ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ். பல்தாலிலிருந்து மேலே பாறையை வெடித்துப் பாதை போட்ட அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பையன்கள் நிறையப் பேர். ஸ்டூவர்ட் 15 டன் அளவிலேயே இருந்ததால் அது நடந்தது.

சாப்பர்ஸ் என்றதும் பாலம் ஞாபகம் வருகிறது. பஞ்சாப் எல்லை முழுவதும் கால்வாய்கள். அர்ஜுனின் டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை) அகலமானது, அதனால் மண்ணில் அது அதிகம் புதையாது; பழைய அர்ஜுன் தரையின் மேல் தரும் அழுத்தம் டி-72 அளவுதான். ஆனால் பாலத்துக்கு மொத்த எடைதான் கணக்கு. 40 டன் வண்டிகளை மனதில் வைத்துக் கட்டிய பாலத்தில் 68 டன்னை ஏற்ற முடியாது. ரயில் வேகனும் தனி. ஆகவே 70 டன் வகைப் பாலங்களை ராணுவத்தோடு கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். டிஆர்டிஓ வடிவமைத்த 46 மீட்டர் மாடுலர் பாலத்தின் முதல் தொகுதி ராணுவத்தில் சேர்ந்தது 2023 டிசம்பர் கடைசியில். பாலம் வந்தால்தான் டாங்கி என்ற பட்டியலில் பாலத்தைக் கடைசியாகச் சேர்க்கும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ.

ஆளில்லா வண்டி வந்தால் இந்தக் கவலையெல்லாம் போகுமா? ஓரளவு. ஆளைக் காப்பாற்றத்தான் கவசத்தின் பெரும்பங்கு. ஆள் இல்லையென்றால் பெட்டி சின்னதாகும். சிவிஆர்டிஇ 2017-இலேயே முந்த்ரா என்ற ஆளில்லா தடவாகனத்தைக் காட்டியது, கண்காணிக்க ஒன்று, கண்ணிவெடி தேட ஒன்று, அணுக்கதிர்வீச்சுப் பகுதிக்கு ஒன்று என்று மூன்று வகை. பாதையில் குழி இருக்கிறதா நிழலா என்று முடிவெடுப்பது இன்னும் மனிதக் கண்ணுக்கே சுலபம் என்பதால் இதில் நான் அவசரப்படவில்லை.

மறுபடியும் எஞ்சினுக்கே வருகிறேன். 2021 செப்டம்பரில் 118 எம்கே-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் ஆவடிக்குக் கிடைத்தது. வேலை எங்கே சிக்கியது தெரியுமா? அந்தப் பழைய 838 எஞ்சினின் தயாரிப்பு வரிசையை ஜெர்மனியில் எப்போதோ மூடிவிட்டார்கள், மறுபடி தொடங்க ஆண்டுகள் ஆகும் என்று செய்திகள் வந்தன. ஏற்பாடு தற்காலிகமானது என்று 1980-களில் சொன்னதன் பலன்.

2024 மார்ச் 20 அன்று மைசூரில் பொதுத்துறை நிறுவனமான பிஇஎம்எல்-இன் எஞ்சின் பிரிவில் உள்நாட்டிலேயே செய்த 1500 குதிரைத்திறன் டாங்கி எஞ்சின் முதன்முறையாக உயிர்பெற்று ஓடியது. 5,000 மீட்டர் உயரத்திலும், மைனஸ் 40-இலிருந்து 55 டிகிரி வரையிலும் இயங்கும் என்பது இலக்கு. 1974-இல் குறித்து வைத்த அதே 1500. ஐம்பது வருடம். கேலி செய்யத் தோன்றலாம், எனக்குத் தோன்றவில்லை. இந்த அளவு எஞ்சினைச் சொந்தமாகச் செய்ய முடியாமல் துருக்கி தன் ஆல்டாய் டாங்கியை வருடக்கணக்கில் நிறுத்தி வைத்தது, ஜெர்மனி எஞ்சின் தர மறுத்த பிறகு கொரியாவிடம் போனது. கொரியாவே தன் கே-2 டாங்கிக்கு உள்ளூர் எஞ்சினும் கியர்பாக்ஸும் செய்யப் போய், எஞ்சின் தேறி, கியர்பாக்ஸ் சோதனையில் தோற்று, இரண்டாம் தொகுதி வண்டிகளில் கொரிய எஞ்சினோடு ஜெர்மன் கியர்பாக்ஸைக் கோத்து ஓட்டியது.

அதனால் மைசூர் செய்தியைப் படித்தபோது எனக்கு வந்த கேள்வி கியர்பாக்ஸ் பற்றித்தான். சோதனை மேடையில் ஓடும் எஞ்சினுக்குச் சுமை சீராக வரும். டாங்கிக்குள் ஏறினால், 60 டன் வண்டி நின்ற இடத்திலேயே சுழலும்போது ஒரு டிராக் முன்னும் இன்னொன்று பின்னும் ஓட வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், அதே நேரம் குளிர்விக்கும் விசிறியும் சக்தி கேட்கும். டி-72-களுக்கு மாற்றாக 1,770 எதிர்கால டாங்கிகள் வாங்கும் எஃப்ஆர்சிவி திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் முதல்கட்ட ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அதன் பீரங்கி எது, ட்ரோன் தடுப்பு எது என்று இப்போதே விவாதம் களைகட்டுகிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்த பெட்டியை ஒரு பழைய அர்ஜுன் உடம்பில் வைத்து, ராஜஸ்தானில் ஒரு கோடையும் லடாக்கில் ஒரு குளிர்காலமும் ஓட்டி முடித்துவிட்டு அப்புறம் அந்த விவாதத்தை வைத்துக்கொள்ளலாம்.